வாரத்துக்கு 28 மணி நேரம்

ஜப்பானுக்கு மொழி படிக்கப் போகிறார் என்றதும் சகுரா பூவும் புல்லட் ரயிலும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். போய் இறங்கியவருக்கோ முதல் பரீட்சை குப்பையில் ஆரம்பிக்கிறது! எரியும் குப்பைக்கு ஒரு கிழமை, பிளாஸ்டிக்குக்கு வேறு கிழமை. மாற்றி வைத்தால் பை அங்கேயே கிடக்கும், மேலே ஒரு எச்சரிக்கை ஸ்டிக்கரோடு.

அடுத்தது கன்வீனியன்ஸ் ஸ்டோர். புத்தகத்தில் நிறுத்தி நிதானமாகப் பேசிய ஜப்பானியர்கள் இங்கே இல்லை. சாப்பாட்டைச் சூடு பண்ணவா, பை வேணுமா, பாயின்ட் கார்டு இருக்கா... எல்லாம் ஒரே மூச்சில். புரியாமல் எல்லாத்துக்கும் "ஹாய்" என்று தலையாட்டினால் பைக்கும் சேர்த்து பில் வரும் (2020 ஜூலையிலிருந்து பை இலவசம் இல்லை).

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். சிரிக்க முடியாதது பணக் கணக்கு. மாணவர் விசாவில் இருப்பவர் தனியாக அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை பார்க்கலாம். நீண்ட விடுமுறையில் மட்டும் தினம் 8 மணி நேரம். 2024 அக்டோபரில் டோக்கியோவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,163 யென் ஆனது. பெருக்கிப் பார்த்தால் வாரம் 32,564 யென். இதில்தான் வாடகை, சாப்பாடு, பள்ளிக் கட்டணம், ஊரில் வாங்கிய கடனுக்கு வட்டி!

"படிச்சுக்கிட்டே சம்பாதிக்கலாம்" என்று ஆள் பிடிக்கும் ஏஜென்ட்டுகள் இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டுவதில்லை. அதுதான் தப்பு, விதி அல்ல. 28-ஐத் தாண்டினால் விசாவுக்கு ஆபத்து. தாண்டாமலே ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டுக் காலை வகுப்பில் தூங்கி வழிந்து, வருகைப் பதிவு குறைந்தாலும் விசா நீட்டிப்பில் சிக்கல்தான்.

ஆனாலும் ஒன்று. ஆறு மாசம் கழித்து அதே கவுன்ட்டருக்கு உள்ளே நின்றுகொண்டு, நேற்று வந்திறங்கிய இன்னொரு மாணவரிடம் "சூடு பண்ணவா?" என்று ஒரே மூச்சில் கேட்பவர் அவராகவே இருப்பார்.