வென்டிலேட்டருக்கு முன்பே வரும் சாதி

பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை மூச்சுவிடும். உயர் அதிர்வெண் வென்டிலேட்டர் 10 ஹெர்ட்ஸில் ஓடினால் நிமிடத்துக்கு 600 முறை அதிரும். குறைமாதக் குழந்தையின் நுரையீரல் சாதாரண வென்டிலேட்டருக்கும் இணங்காதபோது மருத்துவர்கள் இதற்கு மாறுகிறார்கள். காற்றை அடித்து இறக்காமல், நுரையீரலை விரித்த நிலையிலேயே வைத்து, சிறு அதிர்வுகளால் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. வியக்கத்தக்க கருவிதான்.

ஆனால் கருவி வாங்குவது மட்டுமே நம் கோரிக்கையாகிவிடக் கூடாது என்கிறேன். 673 குழந்தைகளிடம் நடந்து 1989இல் வெளியான 'ஹைஃபை' ஆய்வில், இக்கருவியை முதலிலிருந்தே பயன்படுத்தியதால் இறப்பு குறையவில்லை. ஆபத்தில் கைகொடுக்கும் கடைசிப் படி இது. முதல் படி டெக்சாமெத்தசோன் ஊசி. 24 முதல் 34 வாரத்துக்குள் வலி கண்டால், 12 மணி நேர இடைவெளியில் நான்கு முறை போட வேண்டும். கருவிலேயே நுரையீரல் முதிரும். விலை சில ரூபாய். மேல்சிகிச்சைக்கு அனுப்பும் முன் முதல் ஊசியைக் கிராமச் செவிலியரே போடலாம் என 2014இலேயே ஒன்றிய அரசு வழிகாட்டியது.

அந்த ஊசி கிடைக்க, வலி கண்டவுடன் அவள் கிளம்ப வேண்டும். பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் சேரிகளில் நான் சந்தித்த நடவுப் பெண்கள், அன்றைய கூலியை வாங்கிக்கொண்டுதான் கிளம்பியதாகச் சொன்னார்கள். போன இடத்தில் "இதுக்கெல்லாமா வருவாங்க?" என்று கேட்டு உட்கார வைத்ததையும் சொன்னார்கள். ஊர்த்தெருப் பெண்ணிடம் அப்படிக் கேட்பார்களா?

ஆலைப் பெண்களுக்குப் பேறுகால ஓய்வும் பணமும் வேண்டும் என்று 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் வாதாடினார் அண்ணல் அம்பேத்கர். 1961இல் வந்த மகப்பேறு பலன் சட்டம் நடவு வயலின் தினக்கூலிப் பெண்ணை எட்டவில்லை.

புதுச்சேரியின் சிசு மரண விகிதம் நாட்டிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று என்று ஆட்சியாளர்கள் பெருமை பேசுகிறார்கள். பொய்யில்லை. ஆனால் ஆண்டுதோறும் வரும் மாதிரிப் பதிவு அறிக்கை ஆண், பெண், ஊரகம், நகரம் என்று பிரிக்கும், சாதியைப் பிரிக்காது. சாதிவாரியாகக் கணக்கிட்ட தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21), இந்திய அளவில் ஆயிரம் பிறப்புக்குப் பட்டியல் சாதியில் 41 சிசுக்களும் 'பிறர்' பிரிவில் 28 சிசுக்களும் இறப்பதாகக் காட்டியது. அந்த 13 குழந்தைகளைச் சராசரி மறைத்துவிடுகிறது.

பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் ஒவ்வொன்றும் மூன்று விவரங்களைப் பதிந்து, பெயர் நீக்கி, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்: எந்தக் கொம்யூன், என்ன சாதி, தாய்க்கு ஊசி எப்போது போடப்பட்டது. புதிய கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.