பேர் சொல்லத் தெரியாத பிள்ளையிடம் 'எந்தத் தெரு?' என்கிறார்கள்

முல்லைப் பெரியாறு அணையில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்திருந்த ஒரு ஜூன் மாதம். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு காலனி. பதினாறு வயதுப் பையன் ஒருவன் காலையிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டான். அவனுக்கு ஆட்டிசம், பேச்சு மிகக் குறைவு. அம்மா விடியுமுன்பே ஜீப் ஏறி இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போயிருந்தார். பாட்டி கண்ணயர்ந்த நேரம். வாய்க்கால் கரையோடு நடந்து ஊர்த்தெருவுக்குள் போனவன், ஒரு வீட்டு வாசலில் குழாயில் ஓடிய தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

கூட்டம் கூடிவிட்டது. தகவல் கேட்டு நாங்கள் போனபோது போலீஸ் வண்டியும் வந்திருந்தது. பையன் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான்.

"பேரென்னடா?"

பதில் இல்லை.

"திருட வந்தியா?"

"திருட வந்தியா" என்றான் அவன்.

"பாத்தீங்களா சார், அவனே சொல்றான்" என்றார் கூட்டத்தில் ஒருவர். அடுத்த கேள்வி, "எந்தத் தெருடா நீ?" அதற்கும் அவன் பதில் சொல்லவில்லை. கூட்டம் சொன்னது: "காலனிப் பய சார்." அதற்குப் பிறகு அவன் சட்டையைப் பிடித்த கை வேறு மாதிரி இருந்தது.

அன்று அடி விழவில்லை. நாங்கள் ஓடிப்போய் அவனுடைய மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் காட்டிப் பேசி அழைத்து வந்தோம். ஒன்றும் நடக்கவில்லை என்பதால் அது செய்தியாகவும் இல்லை. ஆனால் நாங்கள் அரை மணி நேரம் தாமதித்திருந்தால்? அந்த அட்டையே இல்லாத பிள்ளையாக இருந்திருந்தால்?

கேட்ட வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்வது ஆட்டிசம் உள்ள பலரிடம் இருக்கும் இயல்பு. அது பதிலும் அல்ல, ஒப்புதல் வாக்குமூலமும் அல்ல. கூப்பிட்டால் திரும்பாததும், கண்ணைப் பார்க்காததும் திமிர் அல்ல. கையை உதறுவதும் உடம்பை ஆட்டுவதும் போதை அல்ல. சைரனும் சுழல் விளக்கும் அதட்டலும் அவர்களுக்குத் தாங்க முடியாத வலியாகலாம். தொட்டுப் பிடித்தால் உதறி ஓடுவார்கள். ஓடினால் 'தப்பி ஓடினான்' என்று எழுதப்படும். அவசரத்துக்கு முதலில் வந்து நிற்கும் காவலர், தீயணைப்பு வீரர், 108 ஊழியர் யாருக்கும் இதெல்லாம் ஒரே நாளில் சொல்லிக்கொடுக்கக்கூடிய விஷயங்கள்தான்.

ஆனால் நாங்கள் சொல்ல வருவது அதோடு முடிவதில்லை. சாதியைப் பேசாத ஆட்டிசப் பயிற்சி, நம் பிள்ளைகளைக் காப்பாற்றாது. அதே பையன் ஊர்த்தெருப் பிள்ளையாக இருந்திருந்தால் 'பாவம், வழி தவறி வந்துட்டான்' என்று மோர் கொடுத்திருப்பார்கள். காலனிப் பிள்ளை என்றதும் அதே நடத்தை களவாகத் தெரிகிறது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவின் அட்டப்பாடியில் 2018 பிப்ரவரி 22 அன்று, மனநலம் பாதிக்கப்பட்டிருந்த ஆதிவாசி இளைஞர் மதுவை, உணவுப் பொருள் திருடினார் என்று சொல்லிக் கூட்டம் கட்டிவைத்து அடித்தது. போலீசிடம் ஒப்படைத்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவர் இறந்தார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. ஜெருசலேமில் 2020 மே 30 அன்று, சிறப்புத் தேவையுள்ளோர் மையத்துக்கு நடந்துபோன ஆட்டிசம் உள்ள பாலஸ்தீனர் இயாத் அல்-ஹல்லாக்கை இஸ்ரேலியப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அவர் மாற்றுத்திறனாளி என்று கூட இருந்த பராமரிப்பாளர் கத்தியும் பயனில்லை. சுட்டவர் 2023இல் விடுவிக்கப்பட்டார். இரண்டு இடத்திலும் எதிரே நின்றவர் யார் என்பதை ஆயுதமும் கூட்டமும் முன்பே முடிவு செய்துவிட்டன.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. அதன் 47ஆவது பிரிவு, காவல்துறையினர், பஞ்சாயத்து உறுப்பினர்கள், நீதிபதிகள், வழக்கறிஞர்கள் ஆகியோருக்கான எல்லாப் பயிற்சிகளிலும் மாற்றுத்திறனாளிகள் உரிமை இடம்பெற வேண்டும் என்கிறது. 8ஆவது பிரிவு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரங்களை வைத்திருந்து, ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது.

பார்வையற்ற தலித் பெண் ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளான பட்டான் ஜமால் வலி வழக்கில், 2021 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், சாதியும் பாலினமும் ஊனமும் ஒருவரிடம் சேரும்போது அவற்றைப் பிரித்துப் பார்க்க முடியாது என்றது. காவலர்களுக்கும் நீதிபதிகளுக்கும் பயிற்சி வேண்டும் என்றது. அதே தீர்ப்பில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனையை மட்டும் ஆதாரம் போதாது என்று நீக்கியும்விட்டது. தோழர்கள் இதை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும்.

பேரிடரும் நமக்குப் புதிதல்ல. 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள் வந்தது. 144 தடை போட்டார்கள். ஒருவர் உயிரிழந்தார். 'வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள்' என்பது அறிவிப்பு. ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டாலே வெளியே ஓடும் பிள்ளை இருக்கும் ஒற்றை அறை வீட்டில், அந்த அறிவிப்பை எப்படிக் கடைப்பிடிப்பது? வாய்க்காலில் தண்ணீர் வரும் ஒவ்வொரு ஜூனும் அந்தத் தாய்களுக்கு இதே கேள்விதான். காணாமல் போகும் ஆட்டிசம் உள்ள பிள்ளையை முதலில் தேட வேண்டிய இடம் நீர்நிலை என்பது தேடுபவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"ஆட்டிசமெல்லாம் சென்னைக்காரங்க பிரச்சினை, நமக்குச் சாதிக்கொடுமையே போதும்" என்று சில தோழர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். நம் தெருவில் ஆட்டிசம் இல்லாமல் இல்லை. பெயர் வைக்க மருத்துவர் இல்லை, அவ்வளவுதான். 'மந்தம்', 'கிறுக்கு' என்று நாமே முடித்துவிடுகிறோம். க.விலக்கு மருத்துவமனைக்கு இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு யார் திரும்பத் திரும்பப் போவது? அட்டை இல்லாததால் அந்தப் பிள்ளை எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு மூன்று வேலைகள். ஒன்று, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் மனுவுக்குப் பத்து ரூபாய் செலவழித்து இரண்டு மனுப் போடுங்கள்: தேனி மாவட்டக் காவலர்களுக்கு 47ஆவது பிரிவின்படி எப்போது, என்ன பயிற்சி நடந்தது? 8ஆவது பிரிவின்படியான பதிவேட்டில் ஆட்டிசம் உள்ளவர்கள் எத்தனை பேர்? இரண்டு, உங்கள் தெருவில் பேச்சு வராத பிள்ளை உள்ள வீட்டுக்குப் போய், அட்டை வாங்க ஒரு நாள் கூடப் போங்கள். மூன்று, பயிற்சி நடந்தால் அதில் பாடம் சொல்ல அந்தத் தாயையும் அழைக்கச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவர் ஆட்டிசத்தைச் சொல்லுவார். 'எந்தத் தெரு?' என்ற கேள்விக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை அந்தத் தாய்தான் சொல்ல முடியும்.

ஒரு எச்சரிக்கை: பெயர்ப் பட்டியல் பேரிடர் ஆணையத்திடம் இருக்கட்டும், காவல் நிலையத்தில் வேண்டாம். காலனிப் பையன்களின் பட்டியலை அங்கே என்ன செய்வார்கள் என்பது நமக்குத் தெரியும்.

அந்தப் பையன் இப்போதும் தண்ணீர் பார்க்கப் போகிறான். தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் கூடப் போகிறார்கள். அரசு செய்ய வேண்டிய வேலையை இப்போதைக்கு அவர்கள் செய்கிறார்கள்.