கொக்குக்குப் பின்னால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குப் பள்ளிக்கரணை ரேடியல் ரோடு பக்கம் போனால் அந்தக் கோஷ்டியைப் பார்க்கலாம். தாம்பரம், மேடவாக்கத்திலிருந்து பைக்கில் வந்திறங்கின இளைஞர்கள். கையில் முழங்கை நீளத்துக்கு லென்ஸ். தவணையில் வாங்கினது.

திங்கட்கிழமை ஆபீஸில் காட்டுவார்கள். 400 படம். நீல ஆகாயம், நடுவில் கடுகு சைஸில் ஒரு வெள்ளைப் புள்ளி. “சார், பூநாரை!” நம்பித்தான் ஆகவேண்டும்.

கோளாறு லென்ஸில் இல்லை. எட்டாத பூநாரைக்கு ஆசைப்படுவதில். சேலையூர், செம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு மடையான் மீனுக்காக அசையாமல் நிற்கும். சம்பளம் கேட்காத மாடல். ஆனால் யாரும் சீண்டமாட்டார்கள். தினம் பார்க்கிற கொக்குதானே!

‘பத்மாவதி சரித்திரம்’ எழுதின அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950-லிருந்து 1996-ல் இறக்கும்வரை இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் பிரமாதமாகப் படம் பிடித்தவர். கேமரா? வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே பண்ணிக்கொண்டது. அப்பேர்ப்பட்டவர் காகம், அணில் பற்றியும் அதே அக்கறையோடு எழுதினார். பக்கத்தில் இருப்பதைப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் யானையும் அகப்படும்.

சரி, மடையானைப் பிடித்தாச்சு. இனி?

முதலில் உட்காருங்கள். நின்றபடி எடுத்தால் முதுகும் சேறும்தான் விழும். கேமராவை அதன் கண் மட்டத்துக்கு இறக்கினால் பின்னணி தூரமாகி மங்கிவிடும். பறவை பளிச்சென்று தெரியும். பேண்ட் அழுக்காகும், பரவாயில்லை.

நட்டநடுவில் வைக்காதீர்கள். அது பாஸ்போர்ட் போட்டோ. பறவை பார்க்கிற பக்கம் கொஞ்சம் இடம் விடுங்கள்.

பறக்கிற படம் வேணும்னு கல் எறியாதீங்க சார். அது சாப்பாட்டு நேரத்தில் இருக்கிறது. நம் தட்டை யாராவது தட்டிவிட்டால் சும்மா இருப்போமா?

கடைசியாக ஒன்று. பள்ளிக்கரணையில் எடுக்கும்போது எல்லாரும் பின்னாலிருக்கும் மாடிக் கட்டடங்களை வெட்டிவிட்டு, ஏதோ ஆப்பிரிக்கா மாதிரி காட்டப் பார்க்கிறார்கள். பத்துப் படம் அப்படி எடுங்கள். பதினோராவதில் லென்ஸைக் குறைத்து, கொக்கையும் கட்டடத்தையும் சேர்த்தே எடுங்கள். ஒரு காலத்தில் பல மடங்கு பரந்திருந்த சதுப்பு நிலம் இது. 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்தபோது கணக்கில் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர்.

இருபது வருஷம் கழித்து, “இங்கேயா கொக்கு இருந்தது?” என்று யாராவது கேட்டால், மங்கலான பச்சைப் பின்னணி பதில் சொல்லாது. அந்தப் பதினாலு மாடிதான் சாட்சி சொல்லும்.