கடல் ஊரைத் தின்னவில்லை, பிள்ளைகளே!

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நேற்று என் பழைய மாணவன் ஒருவன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். புதுச்சேரிக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பம். அலை அடிக்க அடிக்க ஒரு வீட்டின் பின்சுவர் சரிகிறது. கீழே, "கடலம்மா கோபப்பட்டுவிட்டாள், இயற்கையை யார் வெல்ல முடியும்?" என்று எழுதியிருந்தான். அதற்கு நம் ஆட்கள் நாற்பது பேர் கைகூப்பி இருக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

தம்பி, ஏழாம் வகுப்பில் உனக்கு நான் என்ன சொல்லிக் கொடுத்தேன்? அரித்தல், கடத்துதல், படியவைத்தல். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கடலின் வேலை. நீ முதல் வார்த்தையை மட்டும் நினைவு வைத்திருக்கிறாய்.

நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை சாய்வாக அடித்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே தள்ளும். வடக்கே போகும் மாதங்கள் அதிகம். அதனால் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கு நோக்கியே நகர்கிறது. ஒரு கரை இழப்பதைத் தெற்கிலிருந்து வரும் மணல் நிரப்பிவிடும். பல நூறு ஆண்டுகளாக நடந்த கொடுக்கல் வாங்கல் இது.

குறுக்கே ஒரு கல்சுவர் வைத்தால் என்ன ஆகும்? சென்னையைப் பாருங்கள். 1870களில் துறைமுக வேலை தொடங்கியது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து இன்றைய அகன்ற மெரினா வந்தது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை கரைந்தது. நாம் மெரினாவில் சுண்டல் தின்கிறோம். அதற்கான விலையை வடசென்னை மீனவர் கொடுக்கிறார்.

நூறு ஆண்டு கழித்து, அதே பாடம் புதுச்சேரியில். அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் 1980களின் இறுதியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரத்துக் கடற்கரை போயே போய்விட்டது. காந்தி சிலை அருகே மணலில் விளையாடிய தலைமுறை ஒன்று, கருங்கல்லில் உட்கார்ந்த தலைமுறை ஒன்று.

"சார், கடல் மட்டம் உயர்கிறதே" என்பீர்கள். உயர்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். அதுதான் முழுக் காரணம் என்றால், அதே கடலில் சுவருக்குத் தெற்கே மட்டும் எப்படிக் கரை வளர்கிறது?

"கல் கொட்டினால் போதும், தூண்டில் வளைவு போட்டால் போதும்" என்பது அடுத்த பேச்சு. வீடு இடியும்போது கல் கேட்கும் மீனவரை நான் குறை சொல்லமாட்டேன். நானும் கேட்பேன். ஆனால் கல் மணலை உண்டாக்காது. இந்த ஊருக்குக் கல் போட்டால் அரிப்பு வடக்கே அடுத்த குப்பத்துக்குப் போகும். புதுச்சேரியில் தொடங்கியது அப்படித்தான் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் குப்பங்களுக்கு வந்தது. வலை காய வைக்கவும் கட்டுமரம் ஏற்றவும் மணல் இல்லாத குப்பம் எப்படிக் குப்பமாக இருக்கும்?

வழி இல்லாமல் இல்லை. சுவருக்குத் தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்ட வேண்டும், ஆண்டுதோறும், விடாமல். புதுச்சேரி தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்பியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆற்று மணலையும் விட்டுவைக்க வேண்டும். கடலுக்கு மணல் கொடுப்பது ஆறுதானே? அணையில் பாதி, லாரியில் மீதி என்றால் கடல் எதைக் கொண்டுவந்து போடும்?

என் மேலும் தவறு உண்டு. முப்பது ஆண்டுகள் இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதி, மனப்பாடம் செய்யவைத்து, ஐந்து மதிப்பெண் போட்டேன். ஒரு நாள் கூட உங்களைத் துறைமுகச் சுவரில் நிறுத்தி, "இந்தப் பக்கம் பார், அந்தப் பக்கம் பார்" என்று காட்டவில்லை.

உங்களில் பொறியாளர்கள் இருக்கிறீர்கள், ஒப்பந்ததாரர்கள் இருக்கிறீர்கள், ஊராட்சியில் இருக்கிறீர்கள். கரையில் எது கட்ட வந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வடக்கே போக வேண்டிய மணல் எப்படிப் போகும்?" பதில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீடியோ அனுப்பிய தம்பி, வருத்தப்படாதே. அந்தக் கைகூப்பும் படத்தை எடுத்துவிட்டு, இதைப் பகிர்.