பழைய செயின்சோவும் "கராஜிலதான் போய் நிப்பாய்" என்ற ஏச்சும்

"படிக்காட்டி கராஜிலதான் போய் நிப்பாய்." இந்த ஏச்சைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளைகள் எங்கட ஊர்களில் குறைவு. எங்கள் நாலு பேருக்கும் அது மனப்பாடம். ஏச்சுக்குப் பயந்தோ என்னவோ படிச்சம், கலைப்பீடத்துக்கும் வந்தம். கடைசியில் போன விடுமுறையில் நாங்களாகவே ஒரு கராஜில் போய் நின்றோம்.

காரணம் ஒரு பழைய சங்கிலி வாள். செயின்சோ என்றால்தான் எல்லாருக்கும் விளங்கும். எங்களில் ஒருத்தியின் அம்மப்பா பாவித்த ஸ்ரில் 070. அவர் போன பிறகு கொட்டிலுக்குள், உரப்பைக்குக் கீழே கிடந்தது. வீட்டில் பழைய இரும்புக்காரருக்குப் போடப் பார்த்தார்கள். நாங்கள் அந்த நாட்களில் பழைய செயின்சோ திருத்துகிற வீடியோக்களை விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்தோம். கறள் பிடித்த ஒன்று மேசைக்கு வரும், இருபது நிமிசத்தில் புதுப் பெயின்டோடு பளபளக்கும். எங்களாலும் ஏலும் என்று நினைத்தோம். ஏலவில்லை. ரெண்டு நாளில் கையில் கொப்புளம் மட்டும்தான் மிச்சம்.

கராஜ் ஐயா அதைப் பார்த்ததும் ஸ்குரூ டிரைவரைத் தொடவில்லை. முதலில் கயிற்றை மெதுவாக இழுத்துப் பார்த்தார். "அமத்தம் இருக்கு, பிஸ்டன் பிழையில்லை" என்றார். பிளக்கைக் கழற்றி, வயரோடு சிலிண்டரில் முட்டவைத்து இழுக்கச் சொன்னார். பொறி வரவில்லை. பறக்கும் சில்லைக் கழற்றினால் உள்ளே பொயின்ட்ஸ் பச்சை பிடித்துப்போய் இருந்தது. நுண்ணிய எமரித் தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிபார்த்துப் பூட்டினார். இப்போது நீலப் பொறி. பிளக் ஓட்டைக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு இழுத்தோம். வெடித்து, ரெண்டு செக்கன் ஓடி, நின்றுவிட்டது. எங்களுக்கு முகம் தொங்கியது. அவருக்குச் சிரிப்பு. "பிள்ளையள், இது நல்ல சேதி. எஞ்சின் உயிரோட இருக்கு. எண்ணெய் வரேல்லை, அவ்வளவுதான்." காபரேட்டருக்குள் இருந்த டயபிரம் அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. எண்ணெய்க் குழாய் தொட்டால் உதிர்ந்தது. ரெண்டும் மாற்றி, ஒயில் கலந்த பெற்றோல் விட்டு இழுத்தோம். ஆறாவது இழுவையில் கராஜ் அதிர்ந்தது.

இதில் எங்களைப் பிடித்தது சத்தம் இல்லை. அமத்தம், பொறி, எண்ணெய் என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போன அந்த ஒழுங்கு. ஆய்வுமுறையியல் பாடத்தில் ஒரு அரையாண்டு முழுக்க எங்களுக்குச் சொல்லித்தர முயன்றதை, அவர் ஒரு பின்னேரத்தில் காட்டிவிட்டார். அவரை நாங்கள் "படிக்காத ஆள்" என்கிறோம்.

இந்த இயந்திரத்தின் வரலாறும் அப்படித்தான். 1920களில் ஜேர்மனியில் அன்ட்றியாஸ் ஸ்ரில் செய்த முதல் வாள்களைத் தூக்க ரெண்டு பேர் வேண்டும். ஒரு ஆள் தனியாகத் தூக்கி வேலை செய்யும் நிலைக்கு அது வர இருபது, முப்பது வருசம் எடுத்தது. இன்று ஓடுகிற சங்கிலியின் பல்லுக்கு வழிகாட்டியது ஒரு புழு. 1946இல் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் ஜோசப் கொக்ஸ் என்ற மரவெட்டி, மரக்கட்டையை இடமும் வலமுமாக அரித்துக்கொண்டு போன வண்டுப் புழுவைப் பார்த்தார். அதன் தாடையைப் போலவே பல்லை அமைத்தார். கையால் வேலை செய்தவரின் கண்ணுக்குத்தான் அந்தப் புழு தட்டுப்பட்டது.

எங்கட மண்ணில் இந்த அறிவுக்கு இன்னொரு கனம் இருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, கரண்ட் இல்லை. மோட்டார் சைக்கிளைக் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆள் போனதும், தோட்டத்துக்குத் தண்ணி போனதும் இந்தக் கைகளால்தான். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றபோதும், உதிரிப்பாகம் வராமல் தவித்தபோதும் நாங்கள் தேடிப் போனது அவர்களைத்தான். நெருக்கடி வரும்போது "கெட்டிக்காரன்" என்கிறோம். நெருக்கடி முடிய, அவர்களின் பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும் இடத்தில் "கராஜ்காரன்ர பிள்ளையோ?" என்று இழுக்கிறோம். கையால் செய்யும் தொழிலைக் கீழே வைத்துப் பார்க்கும் இந்தப் பழக்கத்துக்குள் சாதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் "மறுசுழற்சி", "சூழல் நேயம்" என்று மட்டும் எழுதினால் நாங்கள் பாதியைத்தான் எழுதுகிறோம்.

"மரம் வெட்டுற மெசினை ஏன் திருத்துறியள்?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. யுத்தத்தில் பங்கருக்கும் காவலரணுக்கும் எத்தனை பனை தறிக்கப்பட்டது என்று எங்கட வீடுகளில் கதை கதையாகச் சொல்வார்கள். இன்றைக்கும் கள்ளமாக மரம் தறிப்பவர்களின் கையில் இருப்பது இதே மெசின்தான். அதனால்தான் பதிவும் அனுமதியும் கேட்கிறார்கள், அது தேவையானதும்கூட. இதன் பதிவு அம்மப்பாவின் பெயரிலேயே இருக்கிறது. அதை ஒழுங்குபடுத்தும் வரைக்கும் சங்கிலியையும் பாரையும் கழற்றித் தனியே வைத்திருக்கிறோம். இன்னொரு விசயம், இந்தப் பழைய மெசினில் செயின் பிரேக் கிடையாது. மரத்தில் முட்டி வாள் மேலே எகிறினால் சங்கிலியை நிறுத்த ஒன்றும் இல்லை. பழசு எல்லாம் நல்லது என்று நாங்கள் சொல்லவில்லை. பழசைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அதைப் பார்த்துப் படிக்கலாம். இப்போது வருகிற பல பொருட்களில் அந்தக் கதவே அடைபட்டுவிட்டது. உடைந்தால் எறி, புதுசு வாங்கு என்பதுதான் அவை எங்களுக்குச் சொல்லும் ஒரே வழி.

பெயின்டும் அடிக்கவில்லை. பிடியில் அம்மப்பாவின் கை பட்டுத் தேய்ந்த இடம் இருக்கிறது. அதை மூட வேண்டாம் என்று அவள் சொன்னாள்.

கலைப்பீட மாணவர்களாக எங்களால் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. வாய்மொழி வரலாறு என்று பாடம் படிக்கிறோம். தலைவர்களையும் எழுத்தாளர்களையும் பேட்டி காண ஓடுகிறோம். கராஜ் ஐயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓடவைத்த விதம், அவர் வாயில் புழங்கும் "அமத்தம்" போன்ற சொற்கள், பழைய ரின்னுக்குள் அளவு அளவாகப் பிரித்து வைத்திருக்கும் ஆணிகள் எல்லாம் அவரோடு போய்விடும். அவரிடம் பழக இப்போது பெடியள் யாரும் வருவதில்லை. வராததற்குக் காரணம் அந்த ஏச்சும்தான்.

அடுத்த ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் உங்கள் ஊர்க் கராஜுக்கு ஒருக்காப் போய்ப் பாருங்கள். ரெக்கோடரைப் பொக்கெற்றுக்குள் வைத்துவிட்டு, முதல் நாள் கயிறு இழுத்துக் குடுங்கள். கதை பிறகு தானாக வரும். எங்களுக்கு அப்படித்தான் வந்தது. வாற சனிக்கிழமையும் போகிறோம், ஒரு பழைய தண்ணி பம்ப் வந்திருக்காம்.