நாலு மணிக்கு வரும் ஆட்கள்

விடியற்காலை நாலு மணிக்குப் படுக்கையறை விளக்கு எரிகிறது. கண் விழித்தால், கட்டிலருகே முன்பின் பார்த்திராத இரண்டு ஆட்கள். கதவோரம் அப்பாவும் அம்மாவும். "இவங்களோட போ, உன் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அவர்கள் உள்ளே போய்விடுகிறார்கள். அமெரிக்காவில், தடம்மாறிய பதின்வயதினரை வாரக்கணக்கில் காட்டில் தங்கவைக்கும் வனச் சிகிச்சை முகாம்களுக்குப் போன பிள்ளைகள் பலருக்குக் கதை தொடங்கியது இப்படித்தான். தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிப்போவதற்கென்றே அங்கே தனி நிறுவனங்கள் உண்டு. அதற்குக் கட்டணமும் தனி.

அந்தப் பெற்றோரைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. போதை, பள்ளிக்கு மட்டம், கையைக் கீறிக்கொள்வது, தற்கொலைப் பேச்சு என்று வீடு அல்லாடிக்கொண்டிருக்கும். மருத்துவரும் மாத்திரையும் பார்த்தாகிவிட்டது. இனி காடுதான் என்று யாரோ சொல்கிறார்கள். நாளொன்றுக்கு 500 டாலருக்கு மேல், எட்டு முதல் பன்னிரண்டு வாரம். காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் கைவிரித்துவிடும்.

இந்த முகாம்களின் வேர் சிகிச்சையில் இல்லை. 1941இல் கர்ட் ஹான் என்ற கல்வியாளர் வேல்ஸ் கடற்கரையில் அபெர்டோவி என்ற ஊரில் தொடங்கிய 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளி, போர்க்காலத்து இளம் மாலுமிகளுக்கு ஆபத்தில் தாக்குப்பிடிக்கக் கற்றுத்தந்தது. 1960களின் கடைசியில் யூட்டாவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் லாரி டீன் ஓல்சன், படிப்பில் தோற்ற மாணவர்களைப் பாலைநிலத்துக்கு நடத்திப் போனார். திரும்பியவர்கள் தெம்பாக இருந்தார்கள். அதுவரை சரி. 1988இல் ஸ்டீவ் கார்டிசானோ என்பவர் அதை 63 நாள் 'சேலஞ்சர்' முகாமாக்கி, தொலைக்காட்சியில் தோன்றி விற்கத் தொடங்கினார். 1990இல் அங்கே 16 வயதுப் பெண் ஒருத்தி வெயிலில் நடந்து சுருண்டு விழுந்து இறந்தாள். அந்த மரணத்துக்கான வழக்கில் கார்டிசானோ விடுதலையானார்.

சேலஞ்சரில் வேலை பார்த்தவர்கள் பிறகு நடத்திய முகாம் ஒன்றில் 1994இல் நடந்தது அதைவிடக் கொடுமை. 16 வயதுப் பையன் ஒருவன் வயிறு வலிக்கிறது என்று நாள்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தான். எடை குறைந்தது, நடக்க முடியவில்லை. வேலையைத் தட்டிக்கழிக்க நடிக்கிறான் என்றே காவலிருந்தவர்கள் முடிவு கட்டினார்கள். குடற்புண் ஓட்டையாகி அவன் இறந்தபோதுதான் அது நடிப்பில்லை என்று தெரிந்தது. என்ன சாப்பிட்டான், எப்படிக் குளிர்ந்தது என்பதெல்லாம் அவனுடைய நாட்குறிப்பில் இருந்தது.

இதை ஒரு தனி முகாமின் கொடூரம் என்று தள்ளிவிடலாமா? 2007இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ., இத்தகைய நிறுவனங்களில் நேர்ந்த பத்து மரணங்களை ஆராய்ந்தது. பயிற்சியற்ற ஊழியர்கள், போதாத உணவு, கண்டுகொள்ளப்படாத நோய் என்று அதே காரணங்கள் திரும்பத் திரும்ப வந்தன. இந்தத் தொழிலில் ஊறிய பழக்கம் ஒன்று இருக்கிறது. பிள்ளை அழுது கடிதம் எழுதும், கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சும், நம்பிவிடாதீர்கள் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது. சாமர்த்தியக்காரப் பிள்ளைகள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பிள்ளை சொல்வது எதையும் நம்பக்கூடாது என்பதில் தொடங்கும் வைத்தியத்தில், உண்மையான வலி எந்த வழியாக வெளியே வரும்?

பலன் கண்டவர்களும் பொய் சொல்லவில்லை. பிந்தைய முகாம்கள் பலவற்றுக்கு உரிமம் உண்டு, உளவியல் ஆலோசகர் வாரந்தோறும் வருவார். கைபேசியும் கஞ்சாவும் இல்லை. பகலெல்லாம் நடை, இருட்டியதும் தூக்கம். வில்லைக் கொண்டு குச்சியைக் கடைந்து நெருப்பு மூட்டக் கற்றுக்கொண்ட பதினாறு வயதுப் பையனுக்கு, தன்னால் ஒன்று முடியும் என்ற நினைப்பு வருவதில் ஆச்சரியமில்லை. 2016இல் ஆய்வாளர் ஜோவானா பெட்மனும் சகாக்களும் இத்தகைய முகாம்கள் பற்றிய 36 ஆய்வுகளையும் 2,399 பேரையும் தொகுத்துப் பார்த்தபோது, தன்மதிப்பிலும் நடத்தையிலும் நடுத்தர அளவு முன்னேற்றம் தெரிந்தது.

சிக்கல் அளந்த விதத்தில் இருக்கிறது. பெரும்பாலும் போகும்போது ஒரு வினாத்தாள், வரும்போது ஒரு வினாத்தாள். காட்டுக்குப் போகாமல் வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டவை சொற்பம். உச்சக்கட்டக் கொந்தளிப்பில் அனுப்பப்படும் பிள்ளை மூன்று மாதத்தில் கொஞ்சமாவது அடங்கியிருக்கும், எங்கே இருந்தாலும். இன்னொன்று: முகாம் முடிந்து பலர் வீட்டுக்குத் திரும்புவதே இல்லை. அடுத்த படியாக ஒரு சிகிச்சை விடுதிக்கு அனுப்பப்படுகிறார்கள். பழைய வீடு, பழைய நண்பர்கள், அதே சாப்பாட்டு மேசை என்ற உண்மையான பரீட்சை தள்ளிப்போகிறது. குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு முகாமின் கடைசி நாள் கட்டிப்பிடிப்பு பதிலாகாது.

2024 பிப்ரவரியில் வட கரோலினாவின் 'ட்ரெயில்ஸ் கரோலினா' முகாமில், வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் 12 வயதுச் சிறுவன் ஒருவன் சிறு படுக்கைக் கூடாரத்துக்குள் மூச்சுத் திணறி இறந்தான். மாநில அரசு உரிமத்தை ரத்து செய்தது. அந்த ஆண்டு டிசம்பரில், பதின்வயதில் இத்தகைய நிறுவனங்களில் அடைபட்ட தொலைக்காட்சிப் பிரபலம் பாரிஸ் ஹில்டன் முன்னின்று போராடிய கூட்டாட்சிச் சட்டம் நிறைவேறியது. அது முகாம்களை மூடச் சொல்லவில்லை. இவற்றின் நிலையை ஆராயச் சொல்கிறது.

நார்வேயில் கிறிஸ்டியான்சாண்ட் நகரின் சோர்லான்டே மருத்துவமனை வனச் சிகிச்சையையே வேறு மாதிரி செய்து பார்த்தது. ஆய்வாளர் கரினா ரிபே ஃபெர்னீ விவரித்திருக்கும் அந்தத் திட்டம் பத்து வாரம் நடக்கும். பதின்வயதினர் குழுவாகச் சிகிச்சையாளர்களோடு காட்டுக்குப் போய்விட்டு வீடு திரும்புவார்கள். வெளியே இரவு தங்குவது சில நாள்கள் மட்டும். பொது மருத்துவமனை என்பதால் குடும்பம் சொத்தை விற்க வேண்டியதில்லை. சேர்வது பிள்ளையின் விருப்பம். யாரும் நாலு மணிக்கு வந்து எழுப்புவதில்லை.