மூணு சக்கரத்தில் மெதுவா வாங்க

பண்ணைச் சுற்றுலா என்ற பேச்சு இப்போது நம் உழவர் கூட்டங்களிலும் அடிபடுகிறது. நகரத்திலிருந்து ஒரு பேருந்து வரும். நாற்பது பேர் இறங்குவார்கள். வரப்பில் நின்று படம் எடுப்பார்கள். வாழை இலையில் சாப்பாடு. பஞ்சகவ்யம் பற்றி அரை மணி நேரம் பேச்சு. பேருந்து கிளம்பிவிடும். அந்த ஒரு பண்ணைக்காரருக்கு அன்றைக்கு நாலு காசு கிடைக்கும். ஆனால் வழியில் இருந்த பத்து ஊர்களை யாரும் பார்க்கவில்லை. அந்த ஊர்களும் வந்தவர்களைப் பார்க்கவில்லை.

இதற்கு மாற்றாக நான் சொல்ல வருவது பேட்டரி மூணு சக்கர மிதிவண்டி. சிரிக்காதீங்க. முழுசாக் கேளுங்க.

எனக்கு அறுபத்து மூணு வயது. இடது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. மோட்டார் வாகனத்தில் போனால் போய்ச் சேரலாம், எதையும் பார்க்க முடியாது. நடந்தால் பார்க்கலாம், போய்ச் சேர முடியாது. இந்த வண்டி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மிதிக்கலாம், கால் வலித்தால் மோட்டாரை விட்டுக்கொள்ளலாம். நிறுத்தினால் காலை ஊன்ற வேண்டியதில்லை, கீழே விழாது. பின்னால் பெரிய கூடை. சென்ற தை மாதக் கடைசியில் நீடாமங்கலத்திலிருந்து கிளம்பி, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூணாகப் பிரிகிற மூணாறு தலைப்பைப் பார்த்துவிட்டு, பாமணியாற்றை ஒட்டியே மன்னார்குடி போய், மறுநாள் கோட்டூர் வழியாகத் திருத்துறைப்பூண்டி வரை போனேன். வழிகாட்டி கிடையாது, நேரக்கணக்கு கிடையாது. மணிக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர்தான் வேகம்.

அந்த வேகத்தில் என்ன தெரிகிறது என்பதுதான் விசயம்.

சம்பா அறுவடை பாதி முடிந்திருந்தது. நெல் நிற்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில் உளுந்தும் பயறும் விதைப்பது நம் டெல்டா வழக்கம். உழவு இல்லை, தனியாகத் தண்ணீர் இல்லை. பனியையும் மண்ணின் ஈரத்தையும் குடித்தே வளரும். நிலத்துக்குத் தழைச்சத்தையும் சேர்த்துக் கொடுக்கும். கை அறுப்பு நடந்த வயலில் உளுந்து பாய் விரித்த மாதிரி முளைத்திருந்தது. பெல்ட் வண்டி இறங்கிய வயலில் தடம் பதிந்த இடமெல்லாம் நசுங்கிப் போய், நடுவில் மட்டும் கீற்றுக் கீற்றாகப் பச்சை. ஆள் கிடைக்காமல்தான் இயந்திரம் வந்தது, குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தடத்தில் நாம் இழப்பது ஒரு பயறு மகசூல். காரில் போகிறவருக்கு இரண்டு வயலும் ஒரே பச்சைதான்.

களைக்கொல்லி அடித்துச் செம்பட்டையாகக் கருகிக் கிடந்த வரப்புகளை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். கைவிரல், கால்விரல் எல்லாம் தீர்ந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். மருந்து வாடை மூக்கில் ஏறும்போது எந்தத் திசைக் காற்றில் வருகிறது, யார் வயலுக்குப் போகிறது என்பதும் தெரிகிறது. நல்லதும் தெரிகிறது. அறுத்த வயலில் இராமநாதபுரத்துக் கீதாரி ஆட்டுக்கிடை போட்டிருந்தார். பக்கத்து வயலில் தாரா மேய்ந்துகொண்டிருந்தது. நின்று பேசினேன். "கிடைக்கு இப்பல்லாம் யாருங்க கூப்புடுறாங்க? மூட்டை உரம் வந்த பொறவு எங்கள ஒதுங்கிப் போன்னுதான் சொல்றாங்க" என்றார். அவருடைய செல்பேசி எண்ணை வாங்கி எங்கள் குழுவுக்குக் கொடுத்தேன். இந்தப் பயணத்தில் கையோடு கிடைத்த பலன் இது.

இன்னொன்று சொல்கிறேன். கோட்டூருக்கு முன்னால் ஒரு வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்தினேன். ஒரு துண்டு நிலத்தில் மட்டும் தூயமல்லி, அறுப்புக்குத் தயாராக நின்றது. சுற்றிலும் அறுத்து முடித்த வயல். வயல்காரர் வந்தார். "என்னண்ணே, வண்டி பஞ்சரா?" என்று கேட்டார். இல்லப்பா, ஒங்க நெல்லப் பாக்கத்தான் நின்னேன் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. நாலு ஏக்கர் கொள்முதல் நிலையத்துக்கு, உரமும் மருந்தும் போட்டு. இந்த அரை ஏக்கர் வீட்டுக்கு, சாணியும் வேப்பம் புண்ணாக்கும் மட்டும். "புள்ளைங்க சாப்புடணும்ல. அதுக்கு இது, கொள்முதலுக்கு அது."

அந்த மனிதர் இயற்கை வேளாண்மைக்கு வரவேண்டியவர் அல்ல, ஏற்கெனவே வந்துவிட்டவர். அரை ஏக்கரில் நின்றுகொண்டிருக்கிறார். மீதி நாலு ஏக்கருக்கு அவருக்குத் தேவை அறிவுரை அல்ல. விற்க ஒரு வழியும், பக்கத்தில் நிற்க நாலு பேரும்தான். அவர் வீட்டிலிருந்து மூணே கிலோமீட்டரில் நம் குழு ஒன்று இயங்குகிறது. குழுவை அவருக்குத் தெரியாது, குழுவுக்கும் அவரைத் தெரியாது. நாம் மாநாடு போடுகிறோம், வந்தவர்களிடமே மறுபடி மறுபடி பேசுகிறோம். வராதவர் வயல் ரோட்டோரத்தில்தான் இருக்கிறது.

நம்மாழ்வார் அய்யா ஊர் ஊராக நடந்தார். மரத்தடியிலும் களத்துமேட்டிலும் உட்கார்ந்து பேசினார். நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் வகைகளைத் திரட்டியதும் ஊர் ஊராகப் போய், வீடு வீடாகக் கேட்டுத்தான். இவை எல்லாம் மெல்லப் போனதால் நடந்த வேலைகள். அவர்கள் போனபின் நம் இயக்கத்தின் கால்கள் கொஞ்சம் மரத்துவிட்டன என்று எனக்குத் தோன்றுகிறது. நமக்கு வயதாகிறது என்பதும் காரணம். அதனால்தான் வண்டியைப் பற்றிப் பேசுகிறேன்.

இனி, வருகிற கேள்விகளுக்கு வருவோம்.

"சாதா சைக்கிள் போதாதா?" போதும், ஓட்ட முடிந்தவர்களுக்கு. முழங்கால் போனவர்கள், சைக்கிள் பழகாத பெண்கள், பேரப்பிள்ளையையும் விதைப் பையையும் சேர்த்து ஏற்றிக்கொள்ள வேண்டியவர்கள், இவர்களுக்குத்தான் மூணு சக்கரம். எங்கள் ஊரில் ஒரு அக்கா இரண்டே நாளில் பழகிக்கொண்டு, இப்போது காய்கறியைச் சந்தைக்குத் தானே கொண்டுபோகிறார். முன்பு யாராவது வண்டி எடுக்கும் வரை காத்திருப்பார்.

"பேட்டரி மட்டும் சுற்றுச்சூழலுக்கு நல்லதா?" நியாயமான கேள்வி. மாசே இல்லை என்று விளம்பரம் சொல்வதை நான் சொல்ல மாட்டேன். மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியில் இருந்து வருகிறது. பேட்டரிக்கு எங்கோ மண்ணைத் தோண்டுகிறார்கள். ஆனால் அளவைப் பாருங்கள். 48 வோல்ட், 20 ஆம்பியர்-மணி பேட்டரியில் நிற்பது ஒரு யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம். மிதித்துக்கொண்டே போனால் அதில் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓடுகிறேன். கூரையில் ஒரு சூரியத் தகடு இருந்தால் அந்த ஒரு யூனிட்டும் வெயிலிலேயே வந்துவிடும். ஒன்று மட்டும்: பம்புசெட்டுக்கான இலவச இணைப்பில் இதைச் சொருகாதீங்க. அந்தச் சலுகை போராடிப் பெற்றது. அதைக் கெடுக்கிற காரியத்தை நாமே செய்யக்கூடாது.

"சட்டம்?" 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் மோட்டார் நின்றுவிடுகிற மிதிவண்டி வகைக்குப் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். மிதிக்கட்டை இல்லாத, சக்தி கூடின வண்டிகளுக்கு வேறு விதி. வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மூணு சக்கரம் திருப்பத்தில் சாயாது. வேகமாகத் திருப்பினால் கவிழும். டிராக்டர் தடம் பதிந்த ஆற்றங்கரையில் இரண்டு சக்கரம் பள்ளத்தில் போக, முன்சக்கரம் நடுப் புல்மேட்டில் ஏறி இடிக்கும். சரிந்த கரையில் இறங்கித் தள்ளுவதே மேல். மழைக்காலத்தில் களிமண் பாதை ஆகாது. தை முதல் ஆடி வரை இதற்கு ஏற்ற காலம். சித்திரை வெயிலில் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது சுற்றுலாவுக்கு வருகிறேன். ஒரு வட்டாரக் குழு சேர்ந்து இரண்டு மூன்று வண்டி வாங்கலாம். தனி ஆளுக்கு விலை கனம், குழுவுக்குத் தாங்கும். இருபது, இருபத்தைந்து கிலோமீட்டரில் ஒரு சுற்று வழியைக் கையால் வரைய வேண்டும். நாலைந்து இயற்கைப் பண்ணை, ஒரு விதை வங்கி, ஒரு செக்கு, ஒரு பானை செய்பவர் வீடு, நல்ல டீக்கடை, நிழலுள்ள குளக்கரை, எங்கே சார்ஜ் போடலாம் என்ற குறிப்பு. வருகிறவர்கள் வரைபடத்தை வாங்கிக்கொண்டு தாங்களே போகட்டும். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பது அவர்கள் விருப்பம். காசு ஒரே வாசலில் விழாமல் வழி நெடுகச் சிந்தும். டீக்கடைக்குப் பத்து ரூபாய், செக்குக்கு ஒரு லிட்டர் எண்ணெய், தூயமல்லிக்காரருக்கு ஐந்து கிலோ அரிசி. அவருடைய அரை ஏக்கர் ஒரு ஏக்கராக அந்த ஐந்து கிலோக்கள்தான் உதவும்.

ஆனால் சில கட்டுப்பாடுகள் இல்லாமல் இதைத் தொடங்கக்கூடாது. வயலில் வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. அவர்கள் காட்சிப்பொருள் அல்ல. உழவர் கூப்பிட்டால்தான் வரப்பில் இறங்க வேண்டும். வண்டியும் வழியும் குழுவின் சொத்தாகவே இருக்க வேண்டும். வெளியார் முதல் போட்டு விடுதி கட்ட வந்தால் முதலில் போவது ஆற்றங்கரை நிலம்தான். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி 2020-இல் சட்டம் வந்தது. சட்டம் தாளில் இருக்கிறது; கரையில் ஆள் நடமாட்டம் இருந்தால்தான் அது மண்ணிலும் இருக்கும். எந்த மரம் விழுந்தது, எந்த வாய்க்கால் தூர்ந்தது, எந்த வயலில் மனைக்கல் நட்டார்கள் என்பது மெதுவாகப் போகிறவர் கண்ணில்தான் முதலில் படும்.

முதலில் நாம் போவோம், விருந்தாளி பிறகு வரட்டும். உங்கள் வட்டாரத்தில் யாரிடமாவது ஒரு வண்டி இருக்கும், இரண்டு நாளுக்குக் கேட்டு வாங்குங்கள். கூடையில் கையளவு விதை, ஒரு நோட்டு, ஒரு பேனா, குடிக்கத் தண்ணீர். நீங்கள் இதுவரை நுழையாத தெருவாகப் பார்த்துப் போங்கள். வரப்போரத்தில் நின்று, "இது என்ன ரகம்ங்க?" என்று கேளுங்கள். திரும்பி வரும்போது அந்த நோட்டில் பத்துப் பெயராவது இருக்க வேண்டும். அடுத்த குழுக் கூட்டத்துக்கு அந்தப் பத்துப் பேரையும் கூப்பிடுங்கள்.